இடிமின்னலும் மின்சார இறைவையும்

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் அன்னூர் அமைந்துள்ளது. இவ்வூரைச் சூழ்ந்த கரியாம்பாளையம், பசூர், காட்டம்பட்டி, கஞ்சப்பள்ளி முதலிய கிராமங்களுக்கு ஆற்றுப் பாய்ச்சல் கிடையாது, மழையும் மிகுதியன்று. வாழை, மஞ்சள், கரும்பு, தென்னை ஆகிய தோட்டக்கால் பயிர்கள் யாவும் நிலத்தடி நீரை நம்பியே வளர்கின்றன. முற்காலத்தில் கவலை பூட்டி எருதுகளைக் கொண்டு இறைத்த கிணறுகளில், 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் இப்பக்கம் வரத் தொடங்கிய பின்னர், சிறிது சிறிதாக மோட்டார்கள் அமைந்தன. நீர்மட்டம் கீழே செல்லச் செல்லத் திறந்த கிணறுகளின் இடத்தை ஆழ்துளைக் கிணறுகள் பெற்றன. இக்காலத்தில் ஆயிரம் அடிக்கு மேலும் துளையிட்டு, நீரினுள் மூழ்கி ஓடும் மோட்டாரை இறக்கித் தண்ணீர் எடுப்பது இப்பகுதியில் சாதாரணமாகிவிட்டது.

கவலை எருதுகளுக்கு எங்கோ இரண்டு மைலுக்கு அப்பால் விழுந்த இடியினால் தீங்கு நேர்ந்ததில்லை. மின்சார மோட்டாருக்கோ நேர்கிறது. சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையின்போதும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவ மழையின்போதும் ஓர் இரவு இடி இடித்து ஓய்ந்தால், மறுநாள் காலையில் மோட்டார்க் காயில் கட்டும் பட்டறைகளில் கூட்டம் கூடுவது வழக்கம். காயில் கட்டுவதற்கான கூலி மட்டும் நஷ்டமாகாது. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து குழாயையும் கேபிளையும் மோட்டாரையும் வெளியே எடுத்தல், திரும்ப இறக்குதல், பட்டறையில் முறை வரும்வரை காத்திருத்தல் என ஒரு வாரமோ பத்து நாளோ கழிந்துவிடும். கோடையில் குலை தள்ளி நிற்கும் வாழைக்குப் பத்து நாள் தண்ணீர் இல்லையெனில் அதன் விளைவு இன்னதென்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நஷ்டத்தின் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே. அதற்கான வழிகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

மின்னலின் இயல்பு

மேகங்களில் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து, மேகத்தின் மேற்பாகத்தில் ஒருவகையும் கீழ்ப்பாகத்தில் மற்றொரு வகையும் சேர்கின்றன. இவ்வாறு சேர்ந்த மின்னூட்டம் காற்றின் தடையை முறித்துக்கொண்டு பாய்வதே மின்னல். பாயும் வழியிலுள்ள காற்று 30,000 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறித் திடீரென விரிகிறது. அவ்விரிவின் ஓசையே இடி. மின்னலும் மேகத்திலுள்ள மின்சாரமே என்னும் கருத்து 1752ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த சோதனையின்படி பிரான்ஸ் தேசத்தில் முதன்முதல் நிரூபிக்கப்பட்டது. கட்டடங்களின் மீது கூரிய உலோகக் கம்பியை நிறுத்தி அதனைப் பூமியோடு இணைக்கும் இடிதாங்கி அவ்வாராய்ச்சியின் பயனாகும்.

பூமியை நோக்கி விழும் சாதாரண மின்னலில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. சிற்சில வேளைகளில் இது ஒரு லட்சத்தையும் தாண்டும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் எடுத்துக்கொள்வதோ ஏழெட்டு ஆம்பியர் மட்டுமே. ஆயினும் மின்னலின் மின்னோட்டம் நீடித்து நிற்பதன்று. ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளுக்குள் உச்சத்தை அடைந்து, சில நூறு கூறுகளுக்குள் தணிந்துவிடும். இந்தக் குறுகிய கால அளவை நினைவிற் கொள்ளல் வேண்டும். பாதுகாப்பு முறைகள் அனைத்தும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

தோட்டத்தில் இடி விழாமலே மோட்டார் பழுதாவது எப்படி?

“எங்கள் தோட்டத்தில் இடி விழவே இல்லை, தென்னைமரம் ஒன்றுகூடக் கருகவில்லை, மோட்டார் எப்படிப் போயிற்று?” என்று பலரும் வினவுவதுண்டு. மின்னலின் வேகம் மின்சாதனங்களை மூன்று வழிகளில் வந்தடைகிறது.

முதலாவது, கம்பத்தின் மீதோ கம்பியின் மீதோ மின்னல் நேரே விழுதல். இது மிகவும் அபாயகரமானது. ஆனால் அடிக்கடி நேர்வதன்று. இரண்டாவது, கம்பிகளுக்கு அருகே, சில நூறு மீட்டர் தொலைவில், ஒரு மரத்தின்மீதோ வெறும் நிலத்திலோ மின்னல் விழுதல். அப்போது சுற்றிலும் தோன்றும் காந்த மின்புலத்தால் கம்பிகளில் தொடுதல் இன்றியே பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தூண்டப்படுகிறது. வெட்டவெளியில் மைல்கணக்கில் நீண்டு செல்லும் கிராமத்து மின்பாதைகள் இதற்கு மிகவும் இலக்காகின்றன. மூன்றாவது, மின்னல் விழுந்த இடத்தைச் சுற்றி நிலத்தின் மின்னழுத்தம் உயர்தல். இவ்வுயர்வு எர்த்துக் கம்பியின் வழியே மேலேறி, மோட்டாரின் உடலிலிருந்து காயிலுக்குள் தாவும்.

நேரடி வீழ்ச்சியைக் காட்டிலும் பின்னிரு வழிகளிலேயே மோட்டார்கள் பெரிதும் கெடுகின்றன. ஆதலின், இடி விழுந்த அடையாளம் இல்லாமை இடியினால் நஷ்டம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பியூஸ் மட்டும் போதாது

ஸ்டார்ட்டரும் பியூஸும் சரியாக இருந்தால் மோட்டாருக்கு ஆபத்தில்லை என்பது பலருடைய எண்ணம். இது தவறானது. பியூஸ் கம்பி உருகுவதற்கும், எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்ச் விழுவதற்கும், வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமேனும் வேண்டும். மின்னலின் அழுத்த எழுச்சியோ பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் காயிலின் காப்பைத் துளைத்துவிடுகிறது. திருடன் வந்து போனபின் கதவைத் தாழிடுவது போல, மோட்டார் கெட்ட பின்னரே பியூஸ் உருகுகிறது.

இதனால் பியூஸ் தேவையில்லை என்று கொள்ளலாகாது. மிகை மின்னோட்டத்தையும் தீ விபத்தையும் தடுப்பது பியூஸின் வேலை. மிகை மின்னழுத்தத்தைத் தடுப்பது வேறு சாதனத்தின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதன் இடத்தில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவைக்கும் வழக்கம் இரண்டு பாதுகாப்பையும் ஒருங்கே இழப்பதாகும்.

சர்ஜ் அரெஸ்டர் என்னும் சாதனம்

மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் சாதனம் கடைகளில் சர்ஜ் அரெஸ்டர் என்றும், எஸ்.பி.டி. என்றும் வழங்குகிறது. இதன் செயலை விளங்கிக்கொள்ளக் குளத்துக் கலிங்கை உவமையாகக் கூறலாம். குளத்தின் நீர் அளவாக இருக்கும் வரையில் கலிங்கின் வழியே ஒரு துளியும் செல்வதில்லை. மதகின் வழியே வயலுக்குப் போகிறது. வெள்ளம் வந்து நீர்மட்டம் ஏறியதும், மிகுதி நீர் கலிங்கின்மேல் வழிந்து ஓடையிற் சேர, கரை காப்பாற்றப்படுகிறது. வெள்ளம் வடிந்ததும் கலிங்கு மீண்டும் வறண்டு நிற்கிறது.

அரெஸ்டரின் உள்ளே துத்தநாக ஆக்சைடினால் ஆன வில்லைகள் உள்ளன. சாதாரண அழுத்தத்தில் இவை மின்சாரத்தைச் செல்லவிடா. அழுத்தம் குறித்த வரம்பைக் கடந்தவுடன், கண்ணிமைப்பதிலும் மிகக் குறைந்த நேரத்தில் வழிவிட்டு, மிகுதியை எர்த்துக்கு அனுப்பிவிட்டுப் பழைய நிலையை அடைகின்றன. இப்பொருளின் இத்தன்மை 1960களின் இறுதியில் ஜப்பான் தேசத்தில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னர் இடைவெளி விட்ட கொம்புக் கம்பிகளும், சிலிக்கன் கார்பைடு வில்லைகளும் பயன்பட்டு வந்தன. டிரான்ஸ்பார்மர்க் கம்பத்தின் உச்சியில், 11,000 அல்லது 22,000 வோல்ட் கம்பிகளுக்கு அருகே, வளையம் வளையமாகக் காணப்படும் மூன்று கருவிகள் மின்வாரியத்தார் அமைத்துள்ள அரெஸ்டர்களே. அவை டிரான்ஸ்பார்மரைக் காப்பவை. டிரான்ஸ்பார்மருக்கு இப்பால், தோட்டம் வரை வரும் தாழ்வழுத்தக் கம்பியில் தூண்டப்படும் எழுச்சியை அவை தடுக்கமாட்டா. ஆகவே, ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் மோட்டார் அறையில் தனியே ஓர் அரெஸ்டர் பொருத்திக்கொள்ளுதல் அவசியம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டுவன சில உள. மூன்று பேஸ்களுக்கும் நியூட்ரலுக்கும் சேர்த்துப் பாதுகாப்பளிக்கும் அமைப்பாக இருத்தல் வேண்டும். இடைவிடாது தாங்கக்கூடிய அழுத்தம் பேஸ் ஒன்றுக்கு 320 வோல்ட்டுக்குக் குறையாதிருப்பது நலம். இரவு நேரங்களில் கிராமத்து மின்னழுத்தம் வழக்கமான 230 வோல்ட்டைக் கடந்து ஏறுவதால், குறைந்த வரம்புள்ள கருவி நாளடைவில் தானே சூடேறிக் கெடும். சாதாரண மோட்டார் அறைக்கு 20,000 ஆம்பியர் எழுச்சியைப் பலமுறை தாங்கும் இரண்டாம் வகைக் கருவி பொருந்தும். மோட்டார் அறையின் மீதோ அருகிலோ இடிதாங்கி அமைந்திருந்தால் முதலாம் வகைக் கருவியே ஏற்றது. கருவியின் முகத்தில் நிலைமையைக் காட்டும் சிறு சாளரம் உண்டு. அது பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுமாயின் கருவியின் ஆயுள் முடிந்தது என்று அறிந்து மாற்றிவிட வேண்டும். சிவப்பு தோன்றிய பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டுதானிருக்கும். ஆனால் காப்பு இல்லாமல் ஓடும்.

எர்த்தே உயிர்நாடி

கலிங்கு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதன் கீழேயுள்ள ஓடை தூர்ந்திருக்குமானால் கரை உடையத்தான் செய்யும். அவ்வாறே, விலையுயர்ந்த அரெஸ்டரை வாங்கி, எர்த்து சரியில்லாத இடத்தில் பொருத்தினால் சல்லிக்காசுப் பிரயோஜனமும் இல்லை. தோட்டங்களில் பெரும்பாலும் குறைபட்டிருப்பது இவ்வெர்த்தே. அறை கட்டிய காலத்தில் புதைத்த குழாய் துருப்பிடித்து அற்றுப் போயிருக்கும். கம்பி மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எர்த்து அமைக்க, 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டருக்குக் குறையாத நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு நிரப்புவது நெடுநாளைய முறை. உப்பு நாளடைவில் குழாயை அரிக்குமாதலால், இக்காலத்தில் பென்டோனைட் முதலிய களிமண் வகைகளை இடுவதும் வழக்கில் உள்ளது. குழி கட்டடத்தின் சுவரிலிருந்து 1.5 மீட்டரேனும் தள்ளியிருத்தல் வேண்டும்.

அன்னூர்ப் பகுதியில் சிற்சில இடங்களில் கைப்பிடி ஆழத்திலேயே சுக்கான்கல்லும் பாறையும் தட்டுப்படுகின்றன. செம்மண் நிலம் கோடையில் ஈரமற்று வறண்டு, மின்சாரத்தை ஏற்க மறுக்கும். இத்தகைய இடங்களில் ஒரு குழி போதாது. குழாயின் நீளத்தைப் போல் இரு மடங்கு இடைவெளி விட்டு இரண்டு, மூன்று குழிகள் அமைத்து, அவற்றைத் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் நிலத்தினுள்ளேயே இணைத்தல் நலம். ஆழமாகத் தோண்ட இயலாவிடில், நீண்ட வாய்க்கால் போல் வெட்டிப் பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். மாடு நீர் குடிக்கும் தொட்டியின் வழிநீர் பாயும் இடம், குழாயின் நீர் விழுந்து கசியும் இடம் ஆகியவை எர்த்துக் குழிக்கு மிகவும் உகந்தவை. ஆண்டு முழுவதும் ஈரம் தங்கும். எர்த்தின் தடையை அளவுக்கருவி கொண்டு கோடையின் உச்சத்தில் அளக்க வேண்டும். 10 ஓமுக்கு மேற்படாதிருத்தல் நலம். மழைக்காலத்தில் அளந்து திருப்தியடைவது ஏமாற்றமாகும்.

மூன்று பேஸ் மோட்டாரின் உடலை இரண்டு தனித்தனிக் கம்பிகளால் எர்த்து செய்ய வேண்டுமென்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் கண்ட நிபந்தனை; இன்று அமலிலுள்ள மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நோக்கமும் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிப்பதே. மோட்டார், ஸ்டார்ட்டர்ப் பெட்டி, அரெஸ்டர் ஆகிய மூன்றின் எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்திருத்தல் வேண்டும். அரெஸ்டருக்கு ஒரு மூலையிலும் மோட்டாருக்கு மற்றொரு மூலையிலும் இணைப்பில்லாத தனித்தனி எர்த்து இருப்பின், மின்னலின் போது இரண்டிற்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் தோன்றி, அவ்வித்தியாசமே காயிலைத் துளைத்துவிடும்.

கம்பியின் நீளமும் முக்கியமானது. மின்னலைப் போன்ற வேகமான எழுச்சிக்குச் செம்புக் கம்பியும் தடையாகவே நிற்கிறது. கம்பியின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஆயிரம் வோல்ட் கூடுகிறது. ஆகையால் அரெஸ்டரின் இருபுறத்து இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து அரை மீட்டருக்கு மேற்படாமல், நேராகவும் சுருட்டாமலும் செல்லுமாறு அமைக்க வேண்டும். எர்த்துக்குச் செல்லும் செம்புக் கம்பி இரண்டாம் வகைக் கருவிக்கு 6 சதுர மில்லிமீட்டருக்கும், முதலாம் வகைக்கு 16 சதுர மில்லிமீட்டருக்கும் குறையலாகாது. அழகுக்காகக் கம்பியைச் சுருளாகச் சுற்றிவைப்பது பெருந்தவறு.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் தனி நிலைமை

நீரில் மூழ்கிய மோட்டார் தரையின்மேல் உள்ள மோட்டாரைவிட மின்னலுக்கு எளிதில் இரையாகிறது. நிலத்தடி நீரே தலைசிறந்த எர்த்து. அதில் அமிழ்ந்து கிடக்கும் மோட்டாரின் உடலும் அவ்வாறே. மேலேயுள்ள எர்த்துக் குழி வறண்டிருந்தால், கம்பியில் வந்த எழுச்சி அதனை விடுத்து, கேபிளின் வழியே கீழிறங்கி, காயிலின் காப்பைத் துளைத்து நீரைச் சென்றடைகிறது. மின்சாரம் எளிய வழியையே நாடும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே. மோட்டாரை இறக்கும்போதே, மூன்று பேஸ் கம்பிகளோடு நான்காவதாக ஓர் எர்த்துக் கம்பியையும் மோட்டாரின் உடலில் இறுகப் பிணைத்து மேலே கொண்டுவந்து, அதனை அரெஸ்டரின் எர்த்தோடு நேரே இணைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்தால், அரெஸ்டர் திறந்துவிடும் எழுச்சி காயிலைத் தொடாமல் கம்பி வழியாகவே நீரை அடையும். நீர்மட்டத்தை எட்டும் இரும்புக் குழாய்களின் வழியே நீர் எடுக்கும் கிணறுகளில் அக்குழாயையும் இவ்வெர்த்தோடு பிணைக்கலாம். பிளாஸ்டிக் குழாய் இறக்கியுள்ள இடங்களில் நான்காவது கம்பி இன்றியமையாதது. இதற்கெனத் தனியே மோட்டாரை வெளியே எடுக்க வேண்டுவதில்லை. அடுத்த முறை பழுது பார்க்க எடுக்கும்போது மறவாமல் செய்துகொள்ளலாம்.

மின்னலால் அல்லாத அழுத்தப் பிழைகள்

மோட்டார்கள் கெடுவதற்கெல்லாம் இடியே காரணமென்று கூறுவது நியாயமன்று. மழைக்காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒற்றைப் பேஸ் விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரை ஏறக்கூடும். மூன்று பேஸ்களில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எஞ்சிய இரண்டிலிருந்தே சக்தியை இழுத்துச் சூடேறி எரியும். இதற்கு ஒற்றைப் பேஸ் தடுப்பானும், மோட்டாரின் பெயர்ப்பலகையிற் கண்ட ஆம்பியருக்குச் சரியாகத் திருப்பிய ஓவர்லோடு ரிலேயும் துணையாகும். ரிலேயை மிகுத்துத் திருப்பிவைத்தல் காவலாளியை உறங்கச் செய்வதற்கு ஒப்பாகும். கண்டென்சர் கட்டி இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டுவது சில நாள் சௌகரியமும் பல நாள் நஷ்டமும் தரும் வழக்கம்.

மின்தடை நீங்கியவுடன் தானே ஓடத் தொடங்கும் ஆட்டோ சுவிட்சைப் பலரும் வைத்துள்ளனர். ஒரு டிரான்ஸ்பார்மரில் இணைந்த எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்புங்கால் மின்னழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, மோட்டார்கள் எழும்ப மாட்டாமல் மிகை மின்னோட்டம் எடுத்துச் சூடேறுகின்றன. மின்சாரம் வந்த முதல் சில நிமிஷங்களில் அழுத்தமும் நிலையாக இராது. ஆதலின், தாமதக் கருவி பொருத்தி, ஒரு டிரான்ஸ்பார்மருக்குட்பட்ட தோட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி, இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம், ஆறு நிமிஷம் என்று முறை வைத்துக்கொள்வது யாவருக்கும் நன்மை தரும். பங்குக் கிணற்றில் முறைநீர் பாய்ச்சிப் பழகிய கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்கு இது புதியதன்று.

கைபேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர்கள், சொட்டுநீர்ப் பாசனத்தின் தானியங்கி வால்வுகள் ஆகியவற்றிலுள்ள நுண்கருவிகள் மோட்டாரைக் காட்டிலும் மெல்லிய காப்புடையவை; அவற்றிற்குக் கருவியருகிலேயே தனிக் காப்பு வேண்டும். 2019இல் தொடங்கிய பிரதம மந்திரியின் குசும் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் அமைக்கப்பெறும் சூரிய சக்தி பம்புகளில், பலகைகள் வெட்டவெளியில் நிற்பதால், பலகைச் சட்டங்கள் முழுதும் எர்த்தோடு பிணைக்கப்பட்டிருத்தலும், நேர்மின்சாரத்துக்கென்றே செய்த அரெஸ்டர் பொருத்தியிருத்தலும் அவசியம். மாறுமின்சார அரெஸ்டரை அங்கே பொருத்துவது தீ விபத்துக்கு இடமளிக்கும்.

மனிதரும் கால்நடையும்

எரிந்த மோட்டாரைக் காயில் கட்டி மீட்டுவிடலாம். உயிரை மீட்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னலால் மாண்டனர். இவர்களிற் பெரும்பான்மையோர் வயல்வெளியில் இருந்தோர் என்பது நினைக்கத்தக்கது.

மின்னல் கண்டதற்கும் இடி கேட்டதற்கும் இடையே மூன்று வினாடி சென்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது எனக் கணக்கிடலாம். முப்பது வினாடிக்குள் இடி கேட்குமாயின், உடனே வேலையை நிறுத்திக் கட்டடத்தினுள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியும் வரை வெளிவரலாகாது. தனித்து நிற்கும் பனை, தென்னை, வேம்பு ஆகியவற்றின் அடியில் ஒதுங்குதல், நீர் பாயும் வாய்க்காலில் நின்று மண்வெட்டி பிடித்தல், இரும்புக் கம்பி வேலியைத் தொடுதல் ஆகியவை உயிருக்கு உலைவைப்பன. மோட்டாரை நிறுத்த வேண்டுமென்று இடி இடிக்கும்போது ஓடிச்சென்று ஸ்டார்ட்டரைத் தொடுவது அதனினும் கொடியது. மேகம் கறுக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வருவதே முறை. அதற்குள் இடி தொடங்கிவிட்டால் மோட்டார் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

மின்னல் விழுந்த இடத்தைச் சுற்றி நிலத்தில் பரவும் மின்னழுத்தம் அடிக்கு அடி வேறுபடும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரம் மிகுதியாகையால் அவ்வேறுபாடு அதன் உடலின் வழியே, இதயத்தின் ஊடே பாய்கிறது. ஒரே மரத்தடியில் கட்டிய மாடுகள் ஒருங்கே மடிவதற்கு இதுவே காரணம். கொங்கு நாட்டின் பழைய கிளுவை வேலிக்கு இவ்வபாயம் இல்லை. கம்பி வேலியோ எங்கோ விழுந்த மின்னலை நெடுந்தூரம் கடத்திக் கொண்டுவரும். கம்பி வேலி போட்டவர்கள் இடையிடையே கம்பியைத் துண்டித்துக் காப்புக் கட்டை வைப்பதும், பல இடங்களில் எர்த்து செய்வதும், மாடுகளை வேலியருகே கட்டாதிருப்பதும் நன்று.

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. தொட அஞ்ச வேண்டுவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தாலும் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உடனே தொடங்கி, 108 வண்டியை அழைத்தால் பிழைக்க இடமுண்டு. மின்கம்பி அறுந்து விழுந்து தாக்குண்டவர் நிலைமை வேறு: மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்னர் அவரைத் தொடவே கூடாது.

கிராம அதிகாரிகள் செய்ய வேண்டுவன

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அளித்துள்ள ‘தாமினி’ என்னும் கைபேசிச் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் நிலையை முன்கூட்டி அறிவிக்கிறது. அதனைத் தாம் வைத்துக்கொள்வதோடு, கிராமத்தாருக்கும் கற்பித்து, எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். டிரான்ஸ்பார்மர்க் கம்பத்தில் எர்த்துக் கம்பி அறுந்தோ களவு போயோ இருந்தால் டிரான்ஸ்பார்மரிலுள்ள அரெஸ்டர்கள் பயனற்றுப் போகும். அதனைக் கண்டவர் தாமே கைவைக்காமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; 94987 94987 என்னும் மின்னகம் தொலைபேசியிலும் புகார் பதியலாம். மின்னலால் மனிதரோ கால்நடையோ இறக்க நேர்ந்தால், காலதாமதமின்றி வட்டாட்சியருக்கு அறிக்கை அனுப்புதலும், பிரேதப் பரிசோதனைச் சான்று, கால்நடை மருத்துவர் சான்று ஆகியவற்றைப் பெற்று இணைத்தலும் குடும்பத்தாருக்கு நிவாரணம் கிடைப்பதற்கு அவசியமாகும்.

பருவந்தோறும் செய்யத்தக்கவை

பங்குனி மாதத்திலும், மீண்டும் புரட்டாசி மாதத்திலும், மழைக்கு முன்னர் பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

1. எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, கம்பியின் முடுக்குகளைத் துருநீக்கி இறுக்குதல்.

2. அரெஸ்டரின் சாளரம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தல்.

3. பியூஸ் கட்டையில் உரிய கனமுள்ள கம்பியே இருக்கிறதா என்று சோதித்தல்.

4. தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு மெக்கர் கருவியால் காயிலின் காப்பை அளந்து, அளவைத் தேதியிட்டு மோட்டார் அறைக் கதவின் உட்புறத்தில் எழுதிவைத்தல். முந்தைய அளவைவிடக் குறைந்துகொண்டே வருமாயின் மோட்டார் கெடும் முன்னரே எடுத்துச் செப்பனிடலாம்.

5. மின்கம்பியை உரசும் தென்னை மட்டைகளையும் கிளைகளையும் மின்வாரியத்தாருக்கு அறிவித்து அகற்றுவித்தல்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தால், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளங்குட்டைகளுக்குப் பவானி நீர் வர வழி பிறந்தது. அன்னூர்ப் பகுதிக் குளங்களும் அவற்றுட் சேர்ந்தவை. குளத்தில் நிற்கும் நீர் நிலத்தடியிற் சேர்ந்தாலும், அதனை மேலேற்றிப் பயிரில் விடுவது மோட்டாரே. நல்ல எர்த்துக் குழிக்கும் அரெஸ்டருக்கும் சேர்ந்து ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். ஒரு முறை மோட்டாரை எடுத்து இறக்கிக் காயில் கட்டும் செலவில் அது ஒரு சிறு பகுதியே. இவ்விரண்டனுள் எர்த்தை முதலிலும் அரெஸ்டரை அடுத்தும் அமைத்துக்கொள்வது முறையாகும். அடுத்த இடிமழைக்கு முன்னரே விவசாயிகள் இதனை முடித்துக்கொள்வார்களாயின், அவ்விரவு கழிந்த காலையில் அவர்கள் தோட்டத்து வாய்க்காலில் வழக்கம்போல் தண்ணீர் ஓடும்.